கேசரிப் பவுடர் வாங்கிவரச் சொன்ன குழாய்க் கடை

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம், ஒரு சந்துக்குள் இருக்கிற குழாய்ச் சாமான் கடையைப் பற்றி எழுதுகிறேன். பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் ஆச்சி, வர்ற ஆளுகளுக்கே என்னால பதில் சொல்ல முடியலை" என்றார் கடைக்காரர். அதனால் பேர் இல்லை. கொப்புடையம்மன் கோயிலைத் தாண்டி நின்று, "பழசைக் கொண்டாங்கன்னு திருப்பி அனுப்புவாரே, அவர் கடை எது?" என்று கேளுங்கள். யாராவது சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீள்கிற வீடு. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பாத்தியம். குடியிருப்பது நானும் என் மாமியாரும் மட்டும். அயித்தைக்கு 84 வயது. மற்றப் பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், சாவி என்னிடம். கக்கூஸ் நாலு. கீழே இரண்டு வெஸ்டர்ன், பின்கட்டில் ஒரு குந்துவது, மாடியில் ஒரு பங்காளி தன் செலவில் கட்டிக்கொண்ட வெஸ்டர்ன் ஒன்று. இந்த வருஷம் படைப்புக்கு முப்பது, முப்பத்தைந்து பேர் வருவதாகச் சொன்னார்கள். நாலும் ஒவ்வொரு விதமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்த நேரம் அது.

முதலில் சத்தம்தான். ராத்திரி வீடே அடங்கின பிறகு, கீழ்க் கக்கூஸ் பக்கமிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுகிற மாதிரி. பழைய வீட்டில் பாம்பு வராது என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் டார்ச் அடித்துத் தேடினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஃப்ளஷ் டேங்குக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பொம்பளைகள் புழங்குகிற வீட்டில் 1000 லிட்டர் மேல் டேங்க் இரண்டு நாளுக்குக் குறையாமல் வரும். இப்போது தினம் காலையில் மோட்டார் போட வேண்டியிருந்தது.

உள்ளூரில் ஒருவரை அழைத்தேன். ஆள் யார் என்பது வேண்டாம். டேங்கின் மூடியைக்கூடத் தூக்கவில்லை. "ரெண்டு டேங்கும் போச்சு. புதுசு மாத்தணும். கூலியோட ஒண்ணுக்கு 4,500" என்றார். 9,000 ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு, டேங்கை நாமே வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் மிச்சமாகுமே என்றுதான் காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால் இந்தக் கதையில் பஸ் செலவு வராது. இது முக்கியம், ஏனென்றால் இந்த ரிப்பேருக்கு மட்டும் அந்தக் கடைக்கு நான் ஐந்து தடவை போனேன்.

கடை என்றால் எட்டடி அகலம்கூட இருக்காது. வாசலில் பிவிசி பைப்புகள் சாய்ந்து நிற்கும். உள்ளே ஆணி ஆணியாக வாஷர் மாலைகள், இடியாப்ப அச்சு மாதிரி வட்ட வட்டமாகத் தரை ஜாலிகள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதில் ஊரார் கழற்றிக் கொண்டுவந்த செத்துப்போன சாமான்கள். அறுபது வயது இருக்கலாம் அவருக்கு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"தண்ணி மேல வழியுதா ஆச்சி, கீழ கசியுதா?"

எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வீணாகிறது என்று மட்டும் தெரியும்.

"அது தெரியாம டேங்க் வாங்க வந்துட்டீங்களா? பலசரக்குக் கடையில கேசரிப் பவுடர் அஞ்சு ரூவாய்க்கு வாங்கிட்டுப் போங்க. டேங்க் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போடுங்க. அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. அப்புறம் கோப்பையில என்ன நிறம்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

அன்றைக்கு அவர் எனக்கு எதுவும் விற்கவில்லை. கேசரிப் பவுடரும் அவர் கடையில் கிடையாது.

விஷயம் இதுதான். ஃப்ளஷ் டேங்கிலிருந்து தண்ணீர் போக இரண்டே வழி. அடியில் இருக்கிற வாஷர் தேய்ந்து, கோப்பைக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். அல்லது தண்ணீரை நிறுத்துகிற வால்வு சரியாக மூடாமல், மட்டம் ஏறி ஏறி, நடுவில் நிற்கிற வழிகுழாய்க்குள் விழும். இரண்டுக்கும் வெளியே கேட்கிற சத்தம் ஏறக்குறைய ஒன்றே. சரிசெய்வது வேறு வேறு. நிறம் போட்ட பிறகு, டேங்கில் மட்டம் வழிகுழாயின் வாய்க்குக் கீழே நிற்கும்போதே, ஃப்ளஷ் அழுத்தாமல் கோப்பையில் நிறம் வந்தால் கசிவு. மட்டம் வழிகுழாயின் வாயைத் தொட்டு நின்றால் அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வழிகிறது என்று. அதன் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நின்றுவிட வேண்டும்.

இரண்டு டேங்கிலும் போட்டுவிட்டு, அடுப்பில் குழம்பு இருந்ததால் உள்ளே போய்விட்டேன். அயித்தையிடம் சொல்ல மறந்தது என் தப்பு. கொஞ்ச நேரத்தில் வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏ ஆத்தா! எனக்கு என்னமோ ஆயிப்போச்சு!" என்று சத்தம். ஓடினால், அயித்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோப்பையில் அருமையான ஆரஞ்சு நிறம். கல்யாண வீட்டுக் கேசரியே அந்த நிறத்துக்கு வராது. டாக்டருக்குப் போன் போடு என்று அழாத குறை. விளக்கிச் சொன்ன பிறகும் நம்பவில்லை. மறுநாள் காலை வரை சந்தேகத்தோடுதான் இருந்தார்.

ஆக, ஒன்றில் மட்டம் கீழேயே நின்றும் கோப்பையில் ஆரஞ்சு. மற்றதில் டேங்கில் தண்ணீர் வழிகுழாயின் வாயோடு வாயாக நின்றது.

இரண்டாம் தடவை போய்ச் சொன்னேன். "சரி, பழைய வாஷர் எங்கே?" என்றார். கொண்டுபோகவில்லை. "பழசைக் கொண்டாங்க." அவ்வளவுதான், அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். வெயிலில் வந்த எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் கழற்றுகிற வழியைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தார். ஆங்கிள் காக்கை (டேங்குக்குத் தண்ணீர் வருகிற குழாயின் திருகு) மூடு, ஃப்ளஷ் அழுத்தி டேங்கைக் காலி பண்ணு, நடுவில் நிற்கிற தூண் மாதிரிச் சாமானை இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பு, கையோடு வந்துவிடும்.

ஆங்கிள் காக் மூட வரவில்லை. வருஷக்கணக்கில் யாரும் தொடாததால் இறுகிப்போயிருந்தது. ஸ்பானர் போட்டு மல்லுக்கட்டாதீர்கள், தலை கழன்று வந்தால் வீடு குளமாகும் என்று முன்னமே எச்சரித்திருந்தார். தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, துணி சுற்றிக் கையாலேயே கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று திருப்பித்தான் மூடினேன்.

தூணைக் கழற்றிப் பார்த்தால், அடியில் ஒரு ரப்பர் வளையம். ஒரு பக்கம் தடித்திருக்கிறது, மறுபக்கம் அமுங்கித் தட்டையாகிவிட்டது. விளிம்பில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்பு பூசின மாதிரிப் பொருக்குத் தட்டியிருக்கிறது. விரலால் தடவினால் மை மாதிரிக் கறுப்பு ஒட்டிக்கொண்டது. ரப்பர் கரைகிறது என்று அர்த்தமாம். மூன்றாம் தடவை அதை ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அவர் பழசை உள்ளங்கையில் வைத்து, மாலையிலிருந்து ஒன்றை உருவி அதன்மேல் வைத்தார். இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. மூன்றாவதும் இல்லை. என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். நாலாவதை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதுதான்" என்றார். 45 ரூபாய். பழசைக் கொண்டா என்று திருப்பி அனுப்பினாரே, அந்தக் கோபம் அந்த இடத்தில் போயிற்று. அளவு சொல்லி வாங்கியிருந்தால் முதல் மூன்றில் ஒன்றைத்தான் வாங்கி வந்திருப்பேன்.

வீட்டில் மாட்டினேன், முன்னைவிட அதிகமாக ஒழுகியது. வளையத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். பொறுமையாகத் திருப்பிப் போட்டேன், நின்றது. மறுபடி கேசரிப் பவுடர் போட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை அயித்தையிடம் சொல்லிவிட்டு. கோப்பை வெள்ளை.

வழிகிற டேங்குக்கு, மிதவையின் பக்கத்தில் இருக்கிற திருகைத் திருகி மட்டத்தை இறக்கச் சொன்னார். இறக்கினேன், ஒரு மணி நேரத்தில் பழையபடி ஏறிவிட்டது. வால்வையே கழற்றிக்கொண்டு நாலாம் தடவை போனேன். புதிது 260 ரூபாய் என்று எதிரே தொங்குகிறது, எடுத்துக் கொடுத்திருந்தால் நான் பேசாமல் வாங்கி வந்திருப்பேன். அவர் வால்வின் தலை மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவு ஒரு ரப்பர் வட்டு. அதை ஊக்கு முனையால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் செக்கச்செவேல் என்று ஒரே ஒரு மணல். எங்கள் ஊர்ச் செம்மண். அது இடையில் உட்கார்ந்துகொண்டு, வால்வை மூடவிடாமல் பண்ணியிருக்கிறது. அடியில் இருந்த சின்ன வலையிலும் மண். பல் துலக்குகிற பழைய பிரஷால் தேய்த்து, குழாயில் கழுவி, மூடிக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. "மேல் டேங்கைக் கழுவி எவ்வளவு நாளாச்சு ஆச்சி?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அவரிடம் ஆசிட் கேட்காதீர்கள். கிடைக்காது, கூடவே பேச்சும் வாங்குவீர்கள். கீழ் டேங்க் சரியான பிறகும் தண்ணீர் வேகமாக இறங்கவில்லை, அழுக்கு இரண்டு தடவை அழுத்தினால்தான் போகிறது என்று சொல்லி, கறை போக ஒரு பாட்டில் ஆசிட் கேட்டேன். கோப்பையின் உதட்டுக்கு அடியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், அடைத்திருக்கும் என்றார். பார்த்தேன். பாதி ஓட்டைகள் உப்பேறி மூடிக் கிடந்தன. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, துணியை நனைத்து உதட்டுக்கு அடியில் ராத்திரி முழுக்க ஒட்டவைத்து, காலையில் ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டேன். கொதிக்கிற தண்ணீரை மட்டும் கோப்பையில் ஊற்றிவிடாதீர்கள், பீங்கான் வெடிக்கும். உப்பு கட்டி கட்டியாக விழுந்தது. இப்போது ஒரே அழுத்து.

ஆசிட்டில் அவருக்குள்ள கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவை மூடிக்கொண்டு கழுவுகிற ஆள் உள்ளேயே மயங்கி விழலாம். செப்டிக் டேங்கில் மலத்தைச் செரிக்கிற நுண்ணுயிர்களும் அடிக்கடி ஆசிட் ஊற்றினால் செத்துப்போகும். எனக்கு அதைவிட உறைத்தது வேறு. எங்கள் கக்கூஸ் வாசலில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ண சிமெண்டு ஊற்றிக் கையால் வார்க்கிற கல் அது, சிமெண்டை ஆசிட் அரித்துவிடும். போன வருஷம் கழுவ வந்த ஒருவர் பாட்டிலைச் சாய்த்த இடத்தில், சிவப்புப் பூவின் நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு. எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அது போகவில்லை.

மாடிக் கக்கூஸ் நாற்றத்துக்கு வருவோம். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடப்பது. திறந்தால் சாக்கடை வாடை. அந்தப் பங்காளி வாசனை ஜெல் வாங்கி வைத்தார், நான் சாம்பிராணி போட்டேன், பூச்சி மருந்து அடித்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர், "கோப்பையில தண்ணி நிக்குதா?" என்றார். நிற்கவில்லை. வறண்டு கிடக்கிறது. கோப்பைக்கு அடியில் வளைந்து போகிற குழாயில் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டுமாம். அந்தத் தண்ணீர்தான் கதவு. சித்திரை வெயிலில் அது ஆவியாகிப் போனால், செப்டிக் டேங்கின் காற்றும் கரப்பானும் நேராக வீட்டுக்குள். தரையில் இருக்கிற ஜாலிக்கும் அதே கதைதான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், மறுநாள் வாடை இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் தண்ணீருக்கு மேல் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாதாம். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியும். சாவி வைத்திருக்கிறவர்கள் மாதம் ஒரு வாளி ஊற்றினால் போதும்.

கடைசியாகப் பின்கட்டுக் கக்கூஸ். கீழே யாராவது ஃப்ளஷ் அழுத்தினால் இது 'குடுகுடு' என்று ஹூக்கா குடிக்கிற மாதிரிச் சத்தம் போடும், தண்ணீர் மெதுவாக இறங்கும். செப்டிக் டேங்க் நிறைந்திருக்கும் என்று நினைத்து முதலில் வேறொருவரிடம் கேட்டேன். "லாரி எதுக்கு, ஆளை இறக்கி அள்ளிடலாம், செலவு கம்மி" என்றார் அவர். இதைக் கடையில் சொன்னபோதுதான் அந்த மனிதர் குரல் உயர்ந்து பார்த்தேன். "ஆளை இறக்குறதுன்னா என் கடைக்கு வராதீங்க ஆச்சி." உள்ளே இருக்கிற வாயுவில் ஒரு மூச்சு போதும், இறங்கினவர் ஏற மாட்டார். 2013-ஆம் வருஷத்துச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. எங்கள் பின்வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் அதன் வழியாகத்தான் வாளி வைத்து எடுப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அது கோழிக் கூடு என்று நினைத்தேன். அயித்தைதான் சொன்னார். இப்போது விறகு அடுக்கி அடைத்து வைத்திருக்கிறோம்.

லாரிதான் வந்தது. ஆனால் திறந்து பார்த்த லாரிக்காரரே இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துவிடுவது நல்லது என்பதால் எடுக்கச் சொல்லிவிட்டேன். சத்தம் போகவில்லை. ஐந்தாம் தடவை போய் நின்றபோது, கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை தானே வருவதாகச் சொன்னார். வந்து, பின்சுவரோடு மேலே போகிற காற்றுக் குழாயை அண்ணாந்து பார்த்தார். உச்சியில் தொப்பி இல்லை. ஏணி போட்டு ஏறிக் கையை விட்டால், தேங்காய் நாரும் பஞ்சுமாக அணில் கூடு. நல்ல வேளை, குஞ்சு இல்லை. காற்று உள்ளே வர வழியில்லாததால், தண்ணீர் இறங்கும்போது பக்கத்துக் கோப்பையிலிருந்து காற்றை உறிஞ்சியிருக்கிறது. கூட்டை எடுத்துவிட்டு, வலை கட்டிப் புதுத் தொப்பி மாட்டினார். சாமான் 110, கூலி 400. அயித்தை காபி கொடுத்து, "தம்பி, அந்த ஆரஞ்சுத் தண்ணி நெசமாவே பவுடர்தானா?" என்று அவரிடமே விசாரித்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. காலை பத்துக்கு மேல்தான் திறப்பார். ஒரு மணிக்கு மூடினால் நாலரை வரை தூக்கம், கதவைத் தட்டினாலும் எழ மாட்டார். கேட்டால்தான் பில். டேங்கே நிஜமாக உடைந்துபோய் அவசரமாக வருகிறவருக்கு அவருடைய கேள்விகள் பொறுமையைச் சோதிக்கும். அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று. அவரிடம் 450 ரூபாய்க்கு வாங்கிய ஹெல்த் ஃபாசெட் (கழுவிக்கொள்கிற கைக் குழாய்) இரண்டே மாதத்தில் கழுத்தில் ஒழுக ஆரம்பித்தது. கொண்டுபோனேன். "பித்தளையில் வாங்குங்கன்னு அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் விலை பார்த்தீங்க" என்றார். சொன்னது உண்மைதான். இருந்தாலும் பாதி விலைக்காவது மாற்றிக் கொடுத்திருக்கலாம். மாற்றவில்லை.

அதையும் சேர்த்து அவரிடம் நான் கொடுத்தது 1,005 ரூபாய். டேங்க் ஒன்றுகூட மாற்றவில்லை. படைப்புக்கு முப்பத்தொரு பேர் வந்து மூன்று நாள் இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகளின் ஈரத் துடைப்பான் தாள் குந்துகிற கோப்பையை ஒரு தடவை அடைத்தது, அது தண்ணீரில் கரையாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ரப்பர்க் கிண்ணத்தால் பத்துத் தடவை அமுக்கி எடுத்ததில் வெளியே வந்துவிட்டது. இப்போது கதவில் ஒரு குப்பைக் கூடை மாட்டியிருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அரை நட்சத்திரம் ஹெல்த் ஃபாசெட்டுக்காக, அரை நட்சத்திரம் அந்த மத்தியானத் தூக்கத்துக்காகக் குறைத்திருக்கிறேன். போகிறவர்கள் பழைய சாமானை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள்.